தன் கைச் சோடனை

கல்யாணப் பெண் அறைக்கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டுக்கொண்டால் தெரு சும்மா இருக்குமா? பத்தமடையில் அந்தத் தெரு அன்று விடிந்ததிலிருந்து அதைத்தான் மென்றுகொண்டிருந்தது. நெய்ச்சோற்றுக்கு வெங்காயம் உரிக்க வந்த பெண்கள் வெங்காயத்தைப் பார்த்ததைவிடக் கதவைப் பார்த்ததுதான் அதிகம். உள்ளே இருந்தவள் பாய் நெசவுக்கார அகமது மீரானின் மூத்த மகள் சித்தி ஜனாபா. வயது இருபது. தனக்குத் தானே சோடித்துக்கொள்ளப் போகிறாளாம். நிக்காஹ் முடியும்வரை தன் முகத்தில் யார் கையும் படக்கூடாது என்று நேர்ச்சையாம்.

"எந்த அவுலியாவுக்கு இப்பிடி ஒரு நேர்ச்ச? நான் கேள்விப்பட்டதே இல்லயே" என்றாள் ஒருத்தி.

"சீமையில துரைசாணிமாருக்கு இருக்கும்" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

பெண்ணைப் பெற்ற ஆசியா உம்மாள் பாவம், பொய் சொல்லிப் பழகாதவள். கேட்டவர்களில் பாதிப் பேரிடம் பொட்டல்புதூர் பள்ளிக்கு நேர்ச்சை என்றும், மீதிப் பேரிடம் ஆத்தங்கரைப் பள்ளிக்கு என்றும் சொல்லி வைத்திருந்தாள். அந்த இரண்டு பாதியும் அடுப்படியில் சந்தித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டுமே என்பது அவளுடைய அன்றைய கவலைகளில் சின்னக் கவலை.

பெரிய கவலை கதவுக்கு உள்ளே இருந்தது. சித்தி ஜனாபாவின் இடது காதடியில் தொடங்கி கன்னத்தின் பாதிவரை தோல் வெளுத்துப் போயிருந்தது. மாநிறப் பெண். அந்த நிறத்தின் நடுவே அது பளிச்சென்று தெரிந்தது.

பொய் சொல்லிப் பெண் கொடுத்தார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். போன வருஷம், வால் நட்சத்திரம் தெரிந்த வைகாசியில், மேலப்பாளையத்திலிருந்து வந்து பெண் பார்த்துப் பேசி முடித்துப் போனபோது அது அரிசி மணியளவுகூட இல்லை. காதில் தொங்கிய அலுக்கத்துக்குப் பின்னால் இருந்ததை யாரும் பார்க்கவில்லை, அவளே பார்க்கவில்லை. பிறகு மாப்பிள்ளை வீட்டில் ஒரு மௌத்து விழுந்து கல்யாணம் தள்ளிப் போனது. பேசி முடித்த பெண்ணைக் கல்யாணத்துக்கு முன்னால் மறுபடி வந்து பார்ப்பது அவர்கள் வழக்கத்தில் இல்லை. அந்த இடைவெளியில் அது வளர்ந்தது. தேமல் என்று சொல்லி உம்மா பூவரசங்காயை உரசிப் போட்டாள். கார்போகரிசி அரைத்துப் போட்டாள். அது அசையவில்லை. சொல்லிவிடலாம் என்று வாப்பா ஒருநாள் மேலப்பாளையத்துக்கு வண்டி கட்டினார். பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

அவர் ஏன் திரும்பினார் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். அவருக்கு மைமூன் என்று ஓர் அக்கா இருந்தாள். அவளுக்கும் இதே வெள்ளைதான். வீட்டுக்குப் பின்னால் கோரை அடுக்கும் கொட்டகையில்தான் அவள் வாழ்ந்தாள். தட்டு தனி, குவளை தனி, பாய் தனி. இது தொற்றுகிற நோயில்லை என்று சொல்ல அந்தத் தெருவில் ஆளில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கப் போவதில்லை. அவள் மௌத்தானபோது மையத்தைக் குளிப்பாட்ட வந்தவர்கள் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு குளிப்பாட்டினார்கள். கொட்டகை வாசலில் நின்று சித்தி ஜனாபா அதைப் பார்த்தாள். செத்த பிறகும் தொட மாட்டார்களா என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

இந்தக் கல்யாணம் நின்றால் அந்தக் கொட்டகை இனி அவளுக்கு. அவளுக்கு மட்டுமென்றால் போகட்டும், அவளுக்குக் கீழே பதினேழு வயதில் தங்கை பாத்து இருந்தாள். அக்காளுக்கு வெள்ளை என்று ஊருக்குத் தெரிந்த பிறகு தங்கையை எவன் கேட்டு வருவான்? நிக்காஹ் மட்டும் நடந்துவிடட்டும். பிறகு கட்டினவன் பார்க்கட்டும், கத்தட்டும், கொண்டுவந்து விட்டாலும் விடட்டும். கட்டிக்கொடுத்த பெண் என்ற பேராவது மிஞ்சும். யா அல்லா, அதுவரைக்கும் என் முகம் என் சொல் கேட்கட்டும். அவள் துஆ அவ்வளவுதான்.

மாவு பூசி மறைத்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் நிக்காஹுக்கு முன்னால் நலங்கு இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து பெண்ணின் முகத்திலும் கையிலும் சந்தனம் பூசுவார்கள். பிறகு ஈரத்துணியால் துடைப்பார்கள். மாவு முதல் துடைப்பிலேயே போய்விடும். நேர்ச்சைக் கதையெல்லாம் சோடனைக்கு மட்டும்தான் செல்லும், மாமியார் கையைத் தடுக்க எந்த நேர்ச்சைக்கும் வலு கிடையாது. ஆகவே துடைத்தால் போகாத ஒன்று வேண்டும்.

துடைத்தால் போகாத ஒன்று அந்த வீட்டில் பானை பானையாக இருந்தது. கோரைக்குச் சாயம் ஏற்றுகிற வீடு. சாயக்கட்டையைச் சீவி வேகவைத்தால் சிவப்பு. கடுக்காயில் இரும்புத் துரு சேர்த்தால் கறுப்பு. இரண்டுக்கும் நடுவில் எத்தனை நிறம் உண்டோ அத்தனையும் சித்தி ஜனாபாவின் கைக்குத் தெரியும். தன் கன்னத்தின் நிறம் மட்டும் அதுவரை அவள் கலந்து பார்க்காதது.

கல்யாணத்துக்கு முந்தின மாதம் முழுவதும் அதைத்தான் செய்தாள். காதுக்குப் பின்னால், முடி மறைக்கிற இடத்தில், கோழி இறகின் நுனியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். முதலில் கலந்தது செங்கல் மாதிரி நின்றது. தண்ணீர் விட்டுக் கழுவினாள். அடுத்தது அடுப்புக்கரி மாதிரி இருந்தது. ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம், சன்னல் வெளிச்சத்தில் ஒன்று, விளக்கு வெளிச்சத்தில் வேறொன்று. கடைசியில் ஒருநாள் சரியாக வந்தது. கன்னத்தில் பூசிக் கண்ணாடியில் பார்த்தபோது வெள்ளை எங்கே என்று அவளே தேடினாள். அன்று அவள் தனியாக உட்கார்ந்து சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சத்தம் வராமல் செய்தாள்.

ஆனால் ஈரத்துணிக்கு அது நிற்கவில்லை. கோரையில் சாயம் நிற்க வேண்டுமானால் என்ன செய்வார்கள்? சுண்ணாம்புத் தெளிவைச் சேர்ப்பார்கள். முகத்துக்கும் அதையே செய்தாள். வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பைக் கரைத்துச் சாயத்தில் கலந்து பூசினாள். எரிந்தது. கன்னத்தில் கங்கு வைத்த மாதிரி எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காய்ந்த பிறகு ஈரத்துணியால் துடைத்தாள். நின்றது. சந்தனம் பூசித் துடைத்தாள். அப்போதும் நின்றது.

கல்யாணத்தன்று காலையும் அப்படித்தான் கதவைத் தாழிட்டுக்கொண்டு பூசினாள். முந்தின தடவைகளைவிடச் சுண்ணாம்பைக் கொஞ்சம் தாராளமாகவே சேர்த்தாள், எதற்கும் இருக்கட்டும் என்று. எரிச்சலில் கண்ணில் தண்ணீர் வந்தது. அது கன்னத்தில் இறங்கிவிடாமல் தலையை அண்ணாந்துகொண்டாள். காய்ந்த பிறகு கண்ணுக்குச் சுறுமா எழுதினாள். காதில் அலுக்கத்து, கழுத்தில் சரடு, கையில் வளையல் என்று ஒவ்வொன்றாகத் தானே போட்டாள். கொக்கி எட்டாத இடத்தில் கையை முறுக்கிக்கொண்டு மாட்டினாள். தலைக்குப் பூவைத் தானே செருகியதில் அது ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று முக்காட்டை இழுத்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

உம்மா அவள் முகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "அல்லா காப்பாத்திட்டான்" என்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பாத்து வாயைப் பொத்திக்கொண்டு, "லாத்தா, நீ எம்புட்டு அழகா இருக்க தெரியுமா?" என்றாள்.

மேலப்பாளையத்து வண்டிகள் வந்து நின்றன. மாப்பிள்ளை அசன் மைதீன் ஆண்களோடு பள்ளிவாசல் பக்கத்துப் பந்தலுக்குப் போனான். பெண்கள் வீட்டுக்குள் வந்தார்கள். முன்னால் வந்தவள் மாப்பிள்ளையின் தாய் ஜுபைதா பீவி. வெள்ளைத் துப்பட்டியை மடித்து வைத்துவிட்டு, சித்தி ஜனாபாவின் முகத்தைத் தாடையில் பிடித்து நிமிர்த்திப் பார்த்தாள். பத்து விரல்களையும் தன் நெற்றிப் பொட்டில் வைத்துச் சொடக்கு முறித்தாள்.

"கண்ணு பட்டுரும். நம்ம வீட்டுக்கு வெளக்கு வருதாளா, மருமவ வருதாளா?" என்றாள்.

சித்தி ஜனாபாவுக்கு அந்த நிமிஷம் உடம்பே லேசாகிவிட்டது. இந்த மாமியை எனக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்தாள். அதுதான் அவளுக்குக் கடைசியாகக் கிடைத்த சந்தோஷம்.

நலங்குக்குப் பாய் விரித்து அவளை உட்காரவைத்தார்கள். உம்மா சந்தனக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். ஜுபைதா பீவி அதை அன்பாக ஒதுக்கிவிட்டு, தான் கொண்டுவந்த பித்தளைச் செம்பைத் திறந்தாள்.

"எங்க வீட்டு வழக்கம் வேற மதினி. எங்க மாமியா எனக்குப் பூசுனது, நான் இவளுக்குப் பூசணும். விரலி மஞ்சள நான் என் கையால அரைச்சுக் கொண்டாந்திருக்கேன்."

மஞ்சள். சித்தி ஜனாபா பாயில் பின்னுக்கு நகர்ந்தாள். மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பைப் போட்டால் என்ன ஆகும் என்று ஆலாத்தி கரைத்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். அவர்கள் வீட்டில் நலங்குக்குச் சந்தனம்தான் என்பதால் மஞ்சளின் நினைப்பே அவளுக்கு வரவில்லை. ஒரு மாதம் உட்கார்ந்து யோசித்தவள் இதை மட்டும் யோசிக்கவில்லை.

"மாமி, மஞ்ச எனக்கு ஒத்துக்காது" என்றாள்.

"மஞ்ச ஒத்துக்காத பொம்பள உண்டுமா? வெக்கத்தப் பாரு" என்று ஜுபைதா பீவி சிரித்தாள். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். சித்தி ஜனாபா முகத்தைத் திருப்பினாள். அதையும் வெட்கம் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி வலது தோளைப் பிடித்தாள், ஒருத்தி இடது தோளைப் பிடித்தாள், மாமியார் இரண்டு உள்ளங்கையிலும் மஞ்சளை எடுத்து இரண்டு கன்னத்திலும் தடவினாள்.

வலது கன்னம் மஞ்சளாக இருந்தது. இடது கன்னம் சிவந்தது. காதடியிலிருந்து பாதிக் கன்னம்வரை, அவள் பூசியிருந்த இடம் எதுவோ அந்த இடம் மட்டும், கோடு போட்ட மாதிரி ரத்தச் சிவப்பாகச் சிவந்தது.

"ஐயோ, பிள்ளைக்கு ரத்தம் வருது!" என்று யாரோ அலறினார்கள். பதறிப்போன ஜுபைதா பீவி ஈரத்துணியை எடுத்துத் துடைத்தாள். போகவில்லை. காயம் எங்கே என்று தேடி இன்னும் அழுத்தித் துடைத்தாள். சுண்ணாம்பு தின்று புண்ணாகியிருந்த தோல் சாயத்தோடு உரிந்து துணியில் வந்தது. கீழே வெள்ளை.

தோளைப் பிடித்திருந்த இரண்டு பேரும் கையை எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி அந்தக் கையைச் சேலையில் துடைத்ததைச் சித்தி ஜனாபா பார்த்தாள்.

ஆசியா உம்மாள் மாப்பிள்ளையின் தாய் காலடியில் விழுந்தாள். அவளைத் தூக்கி நிறுத்திய ஜுபைதா பீவியின் கண்ணிலும் தண்ணீர்தான் இருந்தது. அவளைக் கெட்டவள் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். அவள் கெட்டவள் இல்லை.

"எனக்கு இன்னும் மூணு பொட்டப்பிள்ளைய கரையேத்தணும் மதினி. வீட்டுக்குள்ள இது வந்திச்சின்னா என் பிள்ளைகள எவன் கேப்பான், நீங்களே சொல்லுங்க" என்றாள். பிறகு, "நான் வெறுங்கையோட திரும்புனா ஊரு காரணம் கேக்கும். நான் சொல்லாட்டாலும் இந்தா நிக்காளுவளே, இவளுவ சொல்லுவாளுவ. ஒங்க சின்னவளத் தாங்க. இங்கன நடந்தது இங்கனயே கெடக்கட்டும்" என்றாள்.

வாப்பாவைக் கொல்லைப்புறமாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவர் மூத்த மகளையும் பார்க்கவில்லை, இளைய மகளையும் பார்க்கவில்லை. "வேற என்ன செய்ய" என்று சொல்லிவிட்டுப் பந்தலுக்குப் போனார். மாப்பிள்ளைக்கும் சொன்னார்கள். அவன் சரி என்றானாம். பாத்துவை மட்டும் யாரும் கேட்கவில்லை.

பாத்துவைச் சோடிக்கப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு கத்தினாள். "லாத்தா மட்டும் வரட்டும். வேற யாரும் என்னத் தொடப்பிடாது. தொட்டா நான் கெணத்துல விழுவேன்."

கதவு மறுபடி சாத்தப்பட்டது. இந்தத் தடவை உள்ளே இரண்டு பேர்.

சித்தி ஜனாபா தன் காதிலிருந்ததைக் கழற்றித் தங்கை காதில் போட்டாள். தன் சரடைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டாள். சேலையையும் மாற்றிக் கட்டிவிட்டாள். இடது கன்னம் எரிந்துகொண்டிருந்தது. பாத்து தேம்பிக்கொண்டே, "என்ன வையி லாத்தா. நாலு வார்த்த வையி. நீ பேசாம இருந்தா எனக்குப் பயமாயிருக்கு" என்றாள்.

"ஒன்ன எதுக்கு வையணும்? பைய திரும்பு, பூ வைக்கேன்."

பாத்து திரும்பினாள். சித்தி ஜனாபா அவள் முடியை ஒதுக்கினாள். பிடரியில், முடி தொடங்குகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, கொள்ளுப் பயறளவு வெள்ளையாக ஏதோ இருந்தது.

மாவு ஒட்டியிருக்கும் என்று நினைத்து முந்தானையால் துடைத்தாள். எச்சில் தொட்டுத் துடைத்தாள். தேய்த்தாள்.

"வலிக்கி லாத்தா."

அவள் கை நின்றது. இப்போதே கதவைத் திறந்து கூப்பிட்டுக் காட்டினால் இந்தக் கல்யாணமும் நின்றுவிடும். கொட்டகைக்குத் தனியாகப் போக வேண்டியதில்லை. பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கும். இரண்டு தட்டு, இரண்டு குவளை. ஒரு நொடி அவள் அதை ஆசையோடு நினைத்தாள். மறுநொடி, கதவில் தாழ் சரியாக விழுந்திருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

காலையில் மிஞ்சிய சாயம் கொட்டாங்கச்சியில் இருந்தது. அதில் சுண்ணாம்பு கலந்திருந்தது. அதை மூலையில் கொட்டிவிட்டு, மாடத்திலிருந்த சாயக்கட்டைத் தண்ணீரையும் கடுக்காய்த் தண்ணீரையும் எடுத்துப் புதிதாகக் கலந்தாள். பாத்து அவளைவிட ஒரு பிடி நிறம் அதிகம். சிவப்பைக் கொஞ்சம் கூட்டினாள். கோழி இறகால் தொட்டு வைத்தாள்.

"என்ன பூசுத?"

சித்தி ஜனாபா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கேட்டுக்கோ பாத்து. சாயக்கட்டத் தண்ணி ரெண்டு பங்கு, கடுக்காத் தண்ணி ஒரு பங்கு. சுண்ணாம்பு சேக்கப்பிடாது. சேக்காட்டா தண்ணி பட்டதும் போயிரும், அதனால குளிச்சதும் முதல் வேலயா பூசிக்கிடணும். கண்ணாடிய ரெண்டா வச்சுப் பாத்துப் பூசணும். ஒன் தலைய ஒன்னத் தவிர யாரும் சீவப்பிடாது. நேர்ச்சன்னு சொல்லிரு."

"எதுக்கு லாத்தா?"

சித்தி ஜனாபா தங்கையின் கையைப் பிடித்து, ஈரம் படாமல் அந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பாத்துவுக்குப் புரிந்துவிட்டது. அதுவரை கத்தியவள் அப்போது அழவில்லை. தன் விரலை எடுத்துப் பார்த்தாள்.

"பெருசா இருக்கா?"

"இப்பம் சின்னதுதான்."

கதவுக்கு வெளியே செருமல் கேட்டது. பெண்ணிடம் சம்மதம் கேட்க வாப்பாவும் சாட்சிக்காரர்கள் இரண்டு பேரும் வந்து நின்றிருந்தார்கள். மேலப்பாளையம் அசன் மைதீனுக்கு உன்னை நிக்காஹ் செய்து கொடுக்கச் சம்மதமா என்று வாப்பாவின் குரல் கேட்டது. பெண் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. பேசாமல் இருந்தாலே சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

பாத்து வாசல் பக்கம் திரும்பவில்லை. "எத்தன நாளைக்கி லாத்தா இப்பிடிப் பூசணும்?" என்று மெல்லக் கேட்டாள்.

சாயம் காய்வதற்குள் முக்காடு போட்டால் துணியில் ஒட்டிக்கொண்டுவிடும். சித்தி ஜனாபா குனிந்து தங்கையின் பிடரியில் ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுகிற வாயால் பதில் சொல்ல முடியாது. வெளியே இரண்டாவது தடவை கேட்டார்கள், மூன்றாவது தடவையும் கேட்டார்கள். பிறகு சம்மதம்தான் என்று பேசிக்கொண்டு பந்தலைப் பார்த்துப் போனார்கள். அவள் ஊதிக்கொண்டே இருந்தாள்.